கல்லில் இல்லாத சொல்

சிதைந்த சாசனம் ஒன்றை நிரப்பிப் படிப்பவன் உண்மையைக் கூறுகிறானா, அன்றிக் கதை கட்டுகிறானா என்னும் வினா சாசன ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. கடந்த காலத்தைப் பற்றி வாய் திறக்கும் எவரும், ஆசிரியராயினும், நாவலாசிரியராயினும், மேடைப் பேச்சாளராயினும், இதனை எதிர்கொண்டே ஆகவேண்டும். எஞ்சியிருப்பது எப்போதும் சிறிது. நாம் சொல்ல விரும்புவதோ பெரிது. இடையில் உள்ள வெற்றிடத்தை நிரப்பும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அவ்வுரிமை எந்த இடத்தில் முடிவடைகிறது?

இவ்வினாவை ஆராய்வதற்கு, உரோமப் படையினர் பிரித்தானியாவில் நாட்டிச் சென்ற கட்டடச் சாசனங்களைக் காட்டிலும் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது என்பது நமது எண்ணம். இங்கே நிரப்புந் தொழில் ஏறக்குறைய ஒரு விஞ்ஞானமாகவே வளர்ந்திருக்கிறது. கையகலக் கல்லொன்றில் நாலைந்து எழுத்துக்களே எஞ்சியிருக்கும். அதனைக் கொண்டு கட்டடம் எழுந்த காலத்தையும், அப்போது ஆண்ட சக்கரவர்த்தியையும், மாகாணத் தேசாதிபதியையும், வேலை செய்த படையணியையும் கூறிவிடுவர். கேட்போருக்கு இது மாந்திரிகம் போலத் தோன்றலாம். ஆனால், நிரப்புவோனுக்கு இத்துணிவைத் தருவது அவனது கற்பனையன்று; அதிகாரம் தன்னைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே வாய்பாட்டிற் பேசியமையே ஆகும்.

உரோமக் கோட்டையொன்றின் வாயிலிலோ, களஞ்சியத்தின் சுவரிலோ பதிக்கப்பட்ட கற்பலகை பெரும்பாலும் சக்கரவர்த்தியின் பெயரோடு தொடங்கும். அடுத்து அவனுடைய பட்டங்கள், அவன் எத்தனையாம் முறை கொன்சல் பதவி வகித்தான் என்ற எண், திரிபியூன் அதிகாரம் எத்தனையாவது ஆண்டாக அவனிடம் உள்ளது என்ற எண். பின்னர் படையணியின் பெயரும் தேசாதிபதியின் பெயரும் வரும். திரிபியூன் அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு எண்ணப்பட்டமையால், அந்த எண் ஒன்று பிழைத்திருந்தாற் போதும், காலம் ஓராண்டு வரம்புக்குள் அகப்பட்டுவிடும். யோர்க் நகரிற் கிடைத்த திராயன் காலத்துச் சாசனம், பெருமளவு சிதைந்திருந்தும், கி. பி. 107-108க்கு உரியதெனத் துணிந்து கூறப்படுவது பன்னிரண்டாம் ஆண்டைக் குறிக்கும் எண்ணினாலேயே. எண் இல்லாவிடத்தும் பட்டங்கள் உதவும். திராயன் 'ஜெர்மானியரை வென்றவன்' என்ற பட்டத்தைக் கி. பி. 97இலும், 'தேசியரை வென்றவன்' என்ற பட்டத்தை 102இலும் பெற்றான். முன்னது இருந்து, பின்னதற்கு இடமே இல்லாத கல் எக்காலத்தது என்பதைப் பாடசாலை மாணவனும் கணிக்கலாம். வேல்சு நாட்டிலுள்ள கார்லியன் கோட்டையில், இதே சக்கரவர்த்தியின் சாசனம் ஒன்றில், கொன்சல் பதவி இரண்டாம் முறை என்று இரு கோடுகளாற் குறித்திருந்த இடத்தில் மூன்றாவது கோடொன்று பின்னர் செருகப்பட்டிருக்கிறது. கல் வெட்டி முடிவதற்கும் நாட்டுவதற்கும் இடையே ஆண்டு பிறந்துவிட்டது போலும்! கி. பி. 99 நூறாகிவிட்ட அந்தத் தாமதத்தை அவ்வொரு கோடு நமக்குச் சொல்கிறது.

இவற்றோடு அளவுகோலும் சேர்கிறது. எழுத்தின் உயரம், எழுத்துக்களுக்கு இடையிலான தூரம், வரிகள் நடுவிற் பொருந்துமாறு அமைந்த முறை ஆகியவற்றைக் கொண்டு, அழிந்த வரியில் எத்தனை எழுத்துக்கள் இருந்திருக்கலாம் எனக் கணக்கிடுவர். கணக்கிற்கு அடங்காத சொல் எவ்வளவு அழகாயினும் தள்ளப்படவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டினை மறவாதிருப்பதற்காக அறிஞர்கள் 1931இல் லைடன் நகரின் பெயரால் வழங்கும் குறியீட்டு முறையொன்றை வகுத்தனர். சுருக்கத்தை விரித்து எழுதினால் வளைந்த அடைப்பு. ஐயமான எழுத்தின் கீழ்ப் புள்ளி. பண்டே செதுக்கி அழிக்கப்பட்டதாயின் இரட்டைச் சதுர அடைப்பு. கல்லில் இல்லாததை ஆராய்ச்சியாளன் தானே சேர்த்தால் சதுர அடைப்பு. அச்சுக்கூடத்துச் சிறு குறிகள்தாம். ஆயினும் 'இது கல்லின் வாக்கு, இது என் வாக்கு' என்று இரண்டையும் பிரித்துக் காட்டும் அந்தச் சதுர அடைப்பை ஓர் ஒழுக்கக் கருவியாகவே நாம் கொள்கிறோம்.

வாசகர் சிலர் இவ்விடத்து, இல்லாததை இல்லை என்று விட்டுவிடுவதே நேர்மை அன்றோ என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயின் வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டால் அது வெற்றிடமாகவே இருப்பதில்லை. ஏற்கெனவே நாட்டில் வழங்கிவரும் கதை அங்கே வந்து அமர்ந்துகொள்கிறது. இதற்கு உதாரணம் இங்கிலாந்தின் வடபுறத்தைக் கடலோடு கடலாக மறித்து நிற்கும் நெடுஞ்சுவரே. இன்று ஹேட்றியன் சுவர் என உலகம் அறிந்த அந்தக் கற்சுவர், பல நூற்றாண்டுகளாக அவனுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் பிந்தி அங்கு வந்த செவெரசின் சுவர் என்றே கற்றோரால் நம்பப்பட்டது. பழைய நூல்கள் அவ்வாறு கூறின. நூல்கள் கூறியமையால் அறிஞரும் கூறினர். 1840இல் ஜோன் ஹொட்சன் என்னும் பாதிரியார் தமது நோர்தம்பர்லாந்து மாவட்ட வரலாற்றில் அந்நம்பிக்கையை மறுத்தார். மைலுக்கொன்றாகச் சுவரோடு அமைந்த சிறுகோட்டைகளில் ஹேட்றியனின் பெயரும், அவனுடைய தேசாதிபதி பிளற்றோறியஸ் நெப்போசின் பெயரும் பொறித்த கற்கள் கிடைத்திருந்தமையே அவரது முக்கிய ஆதாரம். கற்களுட் சில முழுமையானவை, சில உடைந்தவை. முழுமையானதன் துணைகொண்டு உடைந்ததைப் படித்தனர்.

ஹொட்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை. இவர் டைன் ஆற்றங்கரையிலுள்ள ஜரோ, ஹெவர்த் என்னும் ஊர்களிற் குருவாகப் பணியாற்றியவர். 1812 மே 25ஆம் நாள் ஃபெலிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் மாண்டபோது, சுரங்க முதலாளிகளின் முகக்கோணலைப் பொருட்படுத்தாது அவ்விபத்தின் விபரங்களை அச்சிட்டு வெளியிட்டவர் அவரே. இறந்தோரின் பெயர்களும் வயதும் அதில் உள்ளன. சுரங்கத் தொழிலாளருக்கு உயிர்காப்பு விளக்கு வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு அவ்வெளியீடு ஊக்கம் அளித்தது. பின்னர் ஹம்பிரி டேவியின் விளக்கைச் சுரங்கத்துள் இறங்கிச் சோதித்தவர்களுள்ளும் அவர் ஒருவர். சுவரைக் கட்டியவன் யார் என்று கேட்ட மனமும், சுரங்கத்திற் செத்தவன் யார் என்று கேட்ட மனமும் ஒன்றே என்பதில் நமக்கு வியப்பில்லை.

ஹொட்சனின் முடிவு பிற்காலச் சான்றுகளால் உறுதிப்பட்டது. நெப்போஸ் எப்போது தேசாதிபதியாக இருந்தான் என்பதைக் கூறும் ஆவணம் பிரித்தானியாவிற் கிடைக்கவில்லை. இன்றைய ஹங்கேரியிற் கிடைத்தது. ஜெமெல்லஸ் என்னும் குதிரைப்படை வீரனுக்குச் சேவை முடிவிற் குடியுரிமை வழங்கிய அந்த வெண்கலத் தகட்டின் தேதி கி. பி. 122 ஜூலை 17. அதில் நெப்போஸ் பிரித்தானியாவின் தேசாதிபதியாகக் குறிக்கப்படுகிறான். 1934இலோ, சுவரின் மேற்குப் பகுதியில், முதலில் மண்தரையால் எழுப்பப்பட்ட சிறுகோட்டை ஒன்றில், ஓக் மரப்பலகைச் சாசனம் ஒன்றின் துண்டம் அகப்பட்டது. எஞ்சிய எழுத்துக்கள் சிலவே. எனினும் கற்சாசனங்களின் வாய்பாட்டோடு அவை பொருந்தியமையால், மரத்திலும் அதே பெயர்களே இருந்தன என்று அறிஞர் நிரப்பினர். இந்நிரப்புதலைக் கதை என்று தள்ளுவதற்கு நமக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

பிரித்தானிய உரோமச் சாசனங்களைத் தொகுக்கப் பல்லாண்டு உழைத்தவருள் முதன்மையானவர் ஆர். ஜீ. கொலிங்வுட். அவர் ஒக்ஸ்ஃபோர்டிற் தத்துவப் பேராசிரியர் என்பது கவனிக்கத்தக்கது. கோடை விடுமுறைகளிற் கல்லின் முன் அமர்ந்து எழுத்தெழுத்தாக வரைந்த கைதான் வரலாற்றறிவின் இயல்பைப் பற்றியும் எழுதியது. 1943இல் அவர் மறைந்தபின், ஆர். பீ. ரைட் முடித்துவைத்த பெருந்தொகுதி 1965இல் வெளிவந்தது. கத்தரியும் பசையுங்கொண்டு பழைய நூல்களை வெட்டி ஒட்டுவது வரலாறாகாது என்பது கொலிங்வுட்டின் வாதம். ஒருநாள் உரோமிலும் பிறிதொருநாள் கோல் நாட்டிலும் சீசர் இருந்தான் எனச் சான்று கூறினால், இடையில் அவன் பயணஞ் செய்தான் என்பதை எவரும் எழுதிவைக்காவிடினும் நாம் கொள்ளவேண்டும். அக்கற்பனை கட்டற்றதன்று, சான்று நம்மை அதற்குக் கட்டாயப்படுத்துகிறது என்றார். இதனை நாம் ஏற்கிறோம். ஆனால் கட்டாயம் என்ற சொல்லை இறுகப் பற்றிக்கொள்ளல் வேண்டும். சீசர் பயணஞ் செய்தான் எனலாம். வழியில் அவன் என்ன நினைத்தான் என்று எழுதுதல் ஆகாது.

அவ்வெல்லை தாண்டப்பட்டதற்குச் சான்றாக நாம் காட்டவிரும்புவது, ஹொட்சன் பின்னாளிற் பணிபுரிந்த அதே ஜரோவின் பழைய தேவாலயத்தைத் திருத்தியபோது, 1783இல், வெளிப்பட்ட இரு துண்டங்களை. கட்டடச் சாசனத்தின் இனத்தைச் சேர்ந்ததாயினும் இது சாதாரண வாய்பாட்டிற்கு அடங்காத நீண்ட உரை. எஞ்சியவை வரிகளின் சிறுசிறு பகுதிகளே: 'சிதறடிக்கப்பட்ட' என்ற பொருள்படும் ஒரு சொல், 'மாகாணம்' என்பதன் முற்பகுதி, 'பிரித்தானியா', 'இருபுறத்து' என்று பொருள்படும் ஒரு சொல், 'படை'. 1943இல் இயன் றிச்மண்டும் மேற்கூறிய ரைட்டும் இவற்றை ஹேட்றியன் காலத்துப் போர் நினைவுச்சின்னம் ஒன்றின் எச்சங்களாகக் கொண்டு, முழு உரையையும் நிரப்பி வெளியிட்டனர். காட்டுமிராண்டிகள் சிதறடிக்கப்பட்டு, மாகாணம் மீட்கப்பட்டபின், இருபுறத்துக் கடற்கரைகளுக்கும் இடையே எண்பது மைல் நீளத்திற்கு எல்லைக்கோட்டினைச் சக்கரவர்த்தி அமைத்தான், மாகாணப் படை அச்சுவரைக் கட்டியது என்பது அவர்கள் நிரப்பிய உரையின் சாரம். படித்தாற் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

'சிதறடிக்கப்பட்ட' என்பது கல்லில் உண்டு. சிதறடிக்கப்பட்டோர் யார்? அது கல்லில் இல்லை. 'காட்டுமிராண்டிகள்' என்பது சதுர அடைப்புக்குள் இருக்கும் சொல். எண்பது மைலும் சதுர அடைப்புக்குள்ளேயே உள்ளது. இவ்விரண்டும் எங்கிருந்து வந்தன? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் சக்கரவர்த்திகளின் சரிதத் தொகுதியொன்று உண்டு. ஹேட்றியன் எண்பது மைலுக்குச் சுவர் எழுப்பி உரோமரையும் காட்டுமிராண்டிகளையும் பிரித்தான் என்ற செய்தி அதிற் காணப்படுகிறது. அதே தொகுதிதான், செவெரசின் சரிதத்தில், சுவரைக் கட்டிய பெருமையை அவனுக்கும் வழங்குகிறது! இத்தகைய நூலின் சொற்கள், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய கல்லின் வெற்றிடத்துள் நுழைந்துவிட்டன. அடுத்த தலைமுறை மாணவன், நூல் கூறுவதைக் கல்லும் உறுதிப்படுத்துகிறது என்று எழுதுவான். அவனை நாம் எவ்வாறு கடிந்துகொள்வது? ஹொட்சன் காட்டிய வழி நேர்மாறானது. அவர் கல்லைக் கொண்டு நூலைத் திருத்தினார்.

றிச்மண்டும் ரைட்டும் வஞ்சகம் செய்தவர்கள் அல்லர். தாம் சேர்த்தவற்றை அடைப்புக்குள்ளேயே வைத்தனர். துறையின் ஒழுங்கு அதற்குமேல் அவர்களிடம் கேட்கவில்லை. வேறு அறிஞர்கள் அந்நிரப்புதலை ஐயுற்றுமிருக்கின்றனர். குற்றம் அடைப்பு உதிர்ந்துபோகும் வழியிலேதான் இருக்கிறது. ஆராய்ச்சி நூலில் உள்ள அடைப்பு மொழிபெயர்ப்பில் மெலியும்; பொதுநூலில் மறையும்; பாடப்புத்தகத்தில் அது இருந்த தடமே இராது. எர்ன்ஸ்ட் பேடியன் என்னும் பண்டைய வரலாற்றாசிரியர் 1989இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்நோய்க்குச் சதுர அடைப்பிலிருந்து பிறந்த வரலாறு என்று பெயரிட்டார். பொருத்தமான பெயர்.

உரோமர் அந்நாட்டு மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருக்கமாட்டார்களா என்று ஒருவர் வினவலாம். எழுதியிருப்பர்; அதில் நமக்கு ஐயமில்லை. சுவரருகே விண்டோலாண்டாக் கோட்டையிற் கிடைத்த மரஓலை ஒன்றில் ஒரு படையாள் 'பிரித்தானியச் சிற்றற்பர்கள்' என்ற பொருள்படப் பழிச்சொல் எழுதியிருக்கிறான். 1868இல் ஸ்கொத்லாந்திற் பிரிஜ்நெஸ் என்னுமிடத்திற் கிடைத்த பலகைக்கல், இரண்டாம் ஒகஸ்தா படையணி 4,652 அடித்தப்படி நீளத்திற்குச் சுவர் கட்டியதைப் பறைசாற்றுவதோடு, நிர்வாண மனிதரைக் குதிரைவீரன் மிதித்துச் செல்வதையும், தலை துண்டிக்கப்பட்ட உடலொன்றையும் சிற்பமாகக் காட்டுகிறது. இவை கல்லிலும் மரத்திலும் உள்ள சான்றுகள்; இவற்றைக் கொண்டு ஆதிக்கத்தின் நெஞ்சை நாம் அளக்கலாம். ஆனால் ஒருவன் சொல்லியிருக்கக்கூடியதற்கும் அவன் சொன்னதற்கும் வேறுபாடு உண்டு. நீதிமன்றத்தில் இவ்வேறுபாட்டை விட்டுக்கொடுக்க நாம் இணங்குவோமா? வரலாற்றில் மட்டும் ஏன் இணங்கவேண்டும்? சாம்ராச்சியம் ஒன்றின் மடியில் வளர்ந்த அறிவாளிக்கு, வெற்றிடத்தைக் கண்டதும் 'காட்டுமிராண்டி' என்ற சொல் இயல்பாகவே கைக்கு வருகிறது என்பதையும் நாம் சிந்திக்கவேண்டும்.

சாசனத்தின் மௌனத்தையே சான்றாக்கும் ஆபத்தும் உண்டு. யோர்க் சாசனத்திற்குப்பின் ஒன்பதாம் படையணியின் பெயர் பிரித்தானியாவிற் காலம் உறுதியான எந்தச் சாசனத்திலும் இல்லை. எனவே அது வடக்கே மக்களின் கிளர்ச்சியில் அடியோடு அழிந்தது என்று ஒரு கதை எழுந்து, நாவல்களிலும் வாழ்ந்தது. பின்னர் நெதர்லாந்தின் நிமேகன் நகரில் அப்படையணியின் முத்திரையிட்ட ஓடுகள் கிடைத்தன. அது எங்கே முடிந்தது என்ற விவாதம் ஓயவில்லையெனினும், வடக்குப் பனியில் மறைந்த படையின் கதை தன் பழைய வலுவை இழந்துவிட்டது.

வேண்டுமென்றே உண்டாக்கிய மௌனமும் உண்டு. செவெரசின் மகன் கெற்றாவை உடன்பிறந்தவனே கி. பி. 211இற் கொல்வித்தபின், அவன் பெயரைப் பேரரசெங்கும் உளிகள் தேடிச் செதுக்கின. ஆபிரிக்காவில் மூன்றாம் ஒகஸ்தா படையணியை 238இல் மூன்றாம் கோர்தியன் கலைத்தபோது, லம்பேசிஸ் கோட்டைக் கற்களில் அதன் பெயர் அழிக்கப்பட்டது. 253இல் படையணி மீண்டும் அமைக்கப்பட்டதும், அழித்த குழியிலேயே பெயரை மறுபடி வெட்டினர். வேடிக்கை யாதெனில், அழிப்பே இன்று காலத்தைக் காட்டும் கருவியாகிவிட்டது. அழித்த தடம் உள்ள கல் 238க்கு முந்தியது என்று உடனே கூறிவிடலாம். அதிகாரம் தான் வெறுத்தவனைக்கூட முற்றாக மறைக்க முடியவில்லை. ஏனெனில் முன்பு அவனைப் பற்றியும் அதே வாய்பாட்டிற் பேசியிருந்தது.

வாய்பாடே இல்லாதவர்களின் நிலை என்ன? ஹேட்றியன் சுவரின் கற்களில், இந்தப் பகுதி இன்ன நூற்றுவர் தலைவனின் குழு கட்டியது என்று குறிக்கும் சிறு சாசனங்கள் நிறைய உள்ளன. தலைவன் பெயர் உண்டு. கல் சுமந்தவர்களின் பெயர் இல்லை. அவர்களை எந்த ஒப்புமையைக் கொண்டும் நிரப்ப இயலாது. சக்கரவர்த்தியின் பெயரில் மூன்றெழுத்துப் பிழைத்தால் முழுமனிதனும் எழுந்து நிற்கிறான். மற்றவன் முழுமையாகவே போய்விடுகிறான். இந்த அநீதியைச் செய்தது ஆராய்ச்சியாளன் அல்லன். ஆயினும் ஆராய்ச்சி முறை அதனை நீடிக்கச் செய்கிறது என்பதை அவன் உணர்ந்திருத்தல் வேண்டும்.

இவர்களிலும் சிந்தனைக்குரியவை வேறு சில கற்கள். தும்னோனி, துரொத்திரிகே, கற்றுவெல்லௌனி என்பன தென் பிரித்தானியாவில் வாழ்ந்த மக்கட் கூட்டங்கள். நூற்றுக்கணக்கான மைல் வடக்கே, இந்தச் சுவரின் கற்களில், அவர்களது சமூகங்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் ஏதோவொரு காலத்திற் சுவர்வேலைக்கு ஆட்களை அனுப்பினர் என்று கொள்வதே பொருத்தம். எப்போது? கல்லிற் சக்கரவர்த்தி இல்லை, கொன்சல் இல்லை, ஆகவே காலமும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டு என்பாரும், செவெரசின் காலத் திருத்தவேலை என்பாரும், நான்காம் நூற்றாண்டு என்பாரும் உளர்.

இவ்விடத்தில் எச்சரிக்கை தேவைப்படுவது நம் பக்கத்தவருக்கே. உழைப்போரின் பக்கம் நின்று எழுத விரும்பும் நமக்கு இக்கற்களைக் கண்டவுடன் உள்ளம் பொங்கும். வென்ற பேரரசு, தோற்ற மக்களைச் சங்கிலியிட்டு இழுத்துவந்து, அவர்களைக்கொண்டே அவர்கள் நாட்டின் குறுக்கே சுவர் கட்டுவித்தது என்று எழுதத் துடிப்போம். கி. பி. 122 என்ற ஆண்டையும் துணிந்து போட்டுவிடுவோம். அவ்வாறு நடந்திருக்கவும் கூடும். ஆனால் வேலை கட்டாய ஊழியமா, வரிக்கு ஈடா, வேறு ஏற்பாடா என்பதும், எந்த ஆண்டு என்பதும் கல்லிற் கிடையா. 'காட்டுமிராண்டிகள்' என்று நிரப்பியவரைக் கண்டித்த நாம், 'அடிமைகள்' என்று நிரப்பி அடைப்பை அழித்துவிட்டால், எந்த நியாயத்தைக் கொண்டு அவர்களோடு வாதாடுவோம்? நோக்கம் நல்லது என்பது சான்றின் குறையை ஈடுசெய்யாது. வாயில்லாதவனுக்காகப் பேசுவோர் அவன் வாயிலேயே சொல்லைத் திணித்தால், அவன் இரண்டாம் முறை மௌனமாக்கப்படுகிறான் என்பதே நமது கருத்து.

நாவலாசிரியனுக்கு வேறு விதியுண்டு. தன் நூலின் அட்டையிலேயே நாவல் என்று எழுதி அவன் முழுநூலையும் அடைப்புக்குள் வைத்துவிடுகிறான். ஆசிரியர் அப்படியல்லர். வகுப்பிலே சாசனம் ஒன்றைக் கற்பிக்கும்போது, நிரப்பிய மொழிபெயர்ப்பை முதலில் வாசித்துவிடாமல், எஞ்சிய எழுத்துக்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, இடைவெளிகளை இடைவெளிகளாகவே விட்டு, மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் எவ்வெவற்றை இட்டு நிரப்புகிறார்கள் என்பதே ஒரு பாடமாகும்.

கற்றுவெல்லௌனியரின் கல்லில் சமூகத்தின் பெயருக்குப்பின் 'தொஸோதியோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அது ஒரு மனிதனின் பெயர் போலும். அவன் கல் சுமந்தவனா, சுமப்பித்தவனா என்று தீர்மானிக்க அக்கல்லில் வேறு எழுத்து இல்லை.